நாற்பது வளைவுகளும் ஒரு முதல் மருந்தும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு சுமார் 65 கிலோமீட்டர். வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்களுக்கு அது ஜாலியான பயணம். ஆனால் காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மேல்சிகிச்சைக்கு மலை இறங்கும் தாய்க்கு?

ஆனைமலைத் தோட்டங்களுக்கு மலேரியா பழைய எதிரி. அங்கே டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' 1969ல் வெளிவந்தது. தமிழில் 'எரியும் பனிக்காடு'. தோட்டத் தொழிலாளர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போன கதை அதில் இருக்கிறது. கொயினா மருந்துக்காக அரசாங்கமே அந்த மலையில் சின்கோனா மரம் வளர்த்தது. பிறகு அங்கே தேயிலை வந்துவிட்டது. 'சின்கோனா' என்ற ஊர்ப்பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

மலேரியாவில் பால்சிபாரம் வகைதான் மிக ஆபத்தானது. கிருமி புகுந்த ரத்த அணுக்கள் மூளையின் நுண்ணிய குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். வலிப்பு வரும். காலையில் விளையாடிய குழந்தை மறுநாள் நினைவில்லாமல் கிடக்கலாம். வாந்தி எடுக்கிற குழந்தைக்கு மாத்திரை நிற்காது. ஊசி போட கிராமத்தில் ஆள் இருக்காது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஆர்ட்டிசுனேட் மருந்தை ஆசனவாய் வழியாக வைப்பது. பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பணியாளரே வைத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் இதை 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கிறது. வங்கதேசம், கானா, தான்சானியா நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2009ல் வெளியானது. 6 மணி நேரத்துக்கு மேலாகியும் ஆஸ்பத்திரி போய்ச் சேராதவர்களில் மரணமும் நிரந்தர ஊனமும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. 2018ல் அந்த நிறுவனத்தின் தர ஒப்புதல் பெற்ற இரண்டு தயாரிப்புகளும் இந்தியக் கம்பெனிகளுடையவை!

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. காங்கோ, நைஜீரியா, உகாண்டாவில் இதே மருந்தைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்தபடி உயிர்கள் பிழைக்கவில்லை. காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. முதல் மருந்தில் காய்ச்சல் தணிந்ததும், குழந்தை தேறிவிட்டது என்று பலர் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. போனவர்களில் பலருக்கு முழு சிகிச்சை கிடைக்கவில்லை. 2022ல் உலக சுகாதார நிறுவனமே, இந்தத் திட்டத்தை விரிவாக்க வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்றது. 2023ல் புதிய கையேடு தந்தது. அதன் சாரம்: ஆஸ்பத்திரி வரைக்கும் வழி சரியாக இருந்தால்தான் இந்த மருந்து உதவும். அங்கே ஆர்ட்டிசுனேட் ஊசியும், பிறகு 3 நாள் கூட்டு மாத்திரையும் முடிய வேண்டும்.

கொங்கு மண்டலத்தில் இன்று மலேரியா அபூர்வம். ஆபத்தும் அங்கேதான், யாருக்கும் சந்தேகம் வராது. ஒடிசா, ஜார்க்கண்ட் அல்லது ஆப்பிரிக்கா போய் வந்த குடும்பத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அந்தப் பயணத்தை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். அன்றே ரத்தப் பரிசோதனை. வலிப்பு, ஓயாத வாந்தி, பால்கூட குடிக்காமல் சோர்ந்து கிடப்பது என எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முதல் மருந்து உயிரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதற்குள் நாற்பது வளைவுகளையும் கடந்துவிட வேண்டும்.