யாரோ ஒருவருடைய தம்பி

பேரன் மடிக்கணினியில் 'டாஸ்பாக்ஸ்' என்பதைப் போட்டான். புது யந்திரத்துக்குள் பழைய யந்திரம் ஒன்று இருப்பதாகப் பாவனை செய்கிற ஏற்பாடு. கூடுவிட்டுக் கூடு பாய்கிற சங்கதிதான். 1990-இல் டாஸில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' எழுந்தது. 60 நிமிஷத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். நானும் என் தம்பியும் ராத்திரி ராத்திரியாக ஆடியிருக்கிறோம். ஒரு தடவைகூட மீட்டதில்லை.

இதை உண்டாக்கிய ஜோர்டான் மெக்னர், 1985-இல் தம்பி டேவிட்டை ஓடவிட்டு, தாண்டவிட்டு, படம் பிடித்தார். அந்த அசைவுகளைப் பார்த்து வரைந்ததுதான் இளவரசன். அதனால்தானோ என்னவோ, அவன் விளிம்பைப் பற்றித் தொங்கினால் நமக்குக் கை வலிக்கிறது.

என் தம்பி போய் ஆறு வருஷம். "ஆடு தாத்தா" என்றான் பேரன். ஆடினேன். இளவரசன் முதல் குழியிலேயே விழுந்தான். பொத்தானை அழுத்தினால் எழுந்துவிடுவான். கடிகாரம் மட்டும் விட்ட இடத்திலிருந்து ஓடும். அழுத்தினேன்.