சிரிப்புக்குக் கணக்கு வைத்த கலைஞர்

மேடையில் தனியொருவராக நின்று, பேச்சு ஒன்றையே முதலாகக் கொண்டு சபையைச் சிரிக்க வைப்பவரை 'ஸ்டாண்ட் அப் கொமெடியன்' என்று அழைக்கிறார்கள். இங்கிலாந்து தந்த அத்தகைய கலைஞர்களுள் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் கென் டொட். அவருடைய பகிடிகளைப் போலவே, அவர் வைத்த கணக்குகளும் வைக்காமல் விட்ட கணக்குகளும் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்திருக்கின்றன.

1927 நவம்பர் 8ஆம் திகதி, லிவர்பூல் நகரின் நொட்டி ஆஷ் என்ற பகுதியில் நிலக்கரி வியாபாரி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டன. வேறொருவராக இருந்தால் அதை மறைக்கவே முயன்றிருப்பார். டொட் அந்தப் பற்களையும், சீப்பைக் காணாததுபோல் சிலிர்த்து நின்ற தலைமுடியையும் தமது முத்திரையாக்கிக்கொண்டார்.

1954இல் நொட்டிங்ஹம் எம்பயர் அரங்கில் தொழில்முறைக் கலைஞராக மேடையேறினார். 1965இல் லண்டன் பலேடியம் அரங்கில் அவருடைய நிகழ்ச்சி 42 வாரங்கள் நடைபெற்றது. அதே ஆண்டு அவர் பாடிய 'டியர்ஸ்' என்ற பாடலின் இசைத்தட்டு பத்து இலட்சத்துக்கும் அதிகமாக விற்பனையாகி, பிரித்தானியாவில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குக் 'கண்ணீர்' தேடித்தந்த வெற்றி அது!

மேடையேறினால் இறங்க மனமில்லாதவர் டொட். அவருடைய நிகழ்ச்சிகள் நள்ளிரவையும் தாண்டிச் செல்வது வழக்கம். அது முடிந்த பின்னரும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. எந்தப் பகிடிக்கு எவ்வாறு சிரிப்பு எழுந்தது, எது எடுபடவில்லை என்பதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பார். ஊருக்கு ஊர் சிரிப்பு வேறுபடும் என்பது அவர் கண்ட உண்மை. ஆங்கிலேய நகைச்சுவையாளர்களின் புதைகுழி எனப் பெயர் பெற்றது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ எம்பயர் அரங்கு. நகைச்சுவைக்குக் கோட்பாடு வகுத்த சிக்மண்ட் பிராய்டுக்கு அங்கே இரவுக் காட்சியில் நிற்கவேண்டிய நிலை வரவில்லையே என்று டொட் கிண்டல் செய்வார்.

பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்தக் குறிப்புப் புத்தகங்கள் பொறாமையைத் தருகின்றன. எழுதியது அச்சாகி வெளியே போனால், எந்த வரியில் வாசகரின் முகம் மலர்ந்தது, எந்த வரியில் அவர் பத்திரிகையை மடித்து வைத்தார் என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. டொட்டுக்கு அந்தத் தீர்ப்பு ஒவ்வோர் இரவும் நேரிலேயே கிடைத்தது. அதனை அவர் ஒருநாளும் அலட்சியம் செய்யவில்லை.

வேறொரு தீர்ப்புக்கும் அவர் காத்திருக்க நேர்ந்தது. 1989இல் வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டில், தாம் பிறந்த ஊரின் நீதிமன்றத்திலேயே குற்றவாளிக் கூண்டில் நின்றார். வீட்டில் 336,000 ஸ்டேர்லிங் பவுண் ரொக்கமாக வைக்கப்பட்டிருந்தமை வெளிவந்தது. சிரிக்க வைத்தவரைப் பார்த்து ஊர் சிரிக்கும் நிலை! கணக்காளர்களில் சிலர் நகைச்சுவையாளர்களாக இருக்கலாம், ஆனால் நகைச்சுவையாளர்கள் ஒருபோதும் கணக்காளர்களாக இருப்பதில்லை என்று அவருக்காக வாதாடினார் வழக்கறிஞர் ஜோர்ஜ் கார்மன். ஜூரிமார் சகல குற்றச்சாட்டுகளிலிருந்தும் டொட்டை விடுவித்தனர். அதன் பின்னர் வரித் திணைக்களமே அவருடைய மேடைப் பகிடிகளுக்குப் பொருளாயிற்று.

கார்மனின் வாதம் வழக்கை வெல்ல உதவியிருக்கலாம். ஆயினும் அது முழு உண்மையல்ல என்றே நான் கருதுகிறேன். பணக் கணக்கில் தடுமாறிய அதே மனிதர், சிரிப்புக் கணக்கில் எவரும் குறை காண முடியாத கணக்காளராக இருந்தார்.

2017இல் அவருக்கு 'சேர்' பட்டம் வழங்கப்பட்டது. அவ்வருடம் டிசம்பரில், தொண்ணூறாவது வயதில், லிவர்பூலில் கடைசியாக மேடையேறினார். 2018 மார்ச் 9ஆம் திகதி, நீண்டகாலம் துணையாக வாழ்ந்த ஆன் ஜோன்ஸ் அம்மையாரைச் சட்டப்படி மணந்தார். இரண்டு நாட்களின் பின், தாம் பிறந்த அதே வீட்டில் காலமானார்.

தமக்குப் பின்னர் அந்தக் குறிப்புப் புத்தகங்களை அழித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். மனைவி அதற்கு இணங்கவில்லை. கணவரின் சொல்லை அவர் மீறியதற்காக நான் மகிழ்ச்சியடைகிறேன். ஒரு கலைஞன் தன் சபையை எவ்வளவு மதித்தான் என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?