குதிரைக்குக் கொடுத்த வாக்கு

செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் தேசிங்குராஜன் கதை வராமற் போகாது. எவராலும் ஏற முடியாத பாராசாரிக் குதிரையை டில்லி பாதுஷாவின் முன்னிலையில் இளம் தேசிங்கு அடக்கி ஏறிய கட்டம் வந்ததும் கேட்போர் நிமிர்ந்து உட்காருவர். அவனுடைய உயிர்த்தோழனாக வரும் முஸ்லிம் வீரன் மோவுத்துக்காரனும், அவன் ஏறிவரும் நீலவேணிக் குதிரையும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தனி மகிழ்ச்சி தந்தவர்கள். 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சஆதத்துல்லாகானின் படையோடு பொருது தேசிங்கு மாண்டது வரலாறு. குதிரையை அடக்கியது நாட்டார் வாய்மொழி. ஆயினும் நம் மனத்தில் குதிரையை நிறுத்தியிருப்பது அந்த வாய்மொழிதான். குதிரை என்றால் அடக்கப்பட வேண்டியது. ஏறியவன் விழாமலிருந்தால் வெற்றி. அந்தப் பாராசாரிக்கு யார் தீனி வைத்தார்கள், குளம்பை யார் பார்த்தார்கள், அஃது ஏன் அத்தனை பேரையும் உதறியது என்று எந்தப் பாடகரும் பாடி நாம் கேட்டதில்லை.

இராவுத்தர் என்னும் பெயருக்கே குதிரைவீரர் என்பதுதானே பொருள்! செஞ்சி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் முத்தாலராவுத்தர் என்ற பெயரில் ஒரு முஸ்லிம் வீரர் இன்றும் காவல் நிற்கிறார். குதிரையோடு நமக்குள்ள உறவு அவ்வளவு பழையது. அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு வெட்கமும் உறைந்திருப்பதைப் பலர் அறியார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிநாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே தருகிறார். கீஷ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார். வழியில் கடலில் மடிந்த குதிரைக்கும் அரசுக் கருவூலம் விலை தரும். இங்கு வந்து சேர்ந்தபின் நடந்ததைத்தான் அவர் வருத்தத்தோடு எழுதுகிறார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிட்ட தானியமும் ஊட்டி, காய்ச்சிய பால் புகட்டி, நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் லாயத்திலேயே கட்டிப்போடுவார்களாம். கொழுத்துப்போன அக்குதிரைகளின்மேல் பயிற்சியும் இன்றி, அங்கவடியும் இன்றி வீரர்கள் ஏறி விரட்ட, சவுக்கே வேண்டாத பரிகள் சில நாளில் ஒன்றுக்கும் உதவாதனவாகிவிடுமாம். அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோபோலோவும் இதையே சொல்கிறார். அரசர்கள் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவர்; ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சா. சோற்றையும் சமைத்த இறைச்சியையும் குதிரைக்கு இட்டார்கள் என்றும், பக்குவம் அறிந்த குதிரை வைத்தியர் ஒருவரும் இல்லை என்றும் எழுதும் அவர், அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்தனர் என்றும் சேர்த்து எழுதுகிறார். பழைய குதிரை செத்தால்தானே புதிய குதிரை விலைபோகும்? அந்த வணிகர்களுள் நம் மார்க்கத்தவரும் இருந்தனர். காயலின் செல்வத்தைப் பேசுகிற நாம் இதையும் பேசத்தான் வேண்டும்.

செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரப் பகுதியில், வானூர் வட்டத்தில் இடையஞ்சாவடி இருக்கிறது. வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், தெற்கே புதுச்சேரி, ஊரை ஒட்டி 1968-இல் தோன்றிய ஆரோவில். ஆரோவில் பகுதியில் ‘ரெட் எர்த்’ என்று செம்மண்ணின் பெயர் தாங்கிய குதிரையேற்றப் பள்ளி உண்டு என்பதால், இங்குள்ள மக்களுக்குக் குதிரை வேடிக்கைப் பொருளன்று. கோட்டக்குப்பத்திலிருக்கும் நம் மச்சான், மாப்பிள்ளை ஊர்வலங்களுக்காக வாங்கிய ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையை இவ்வூரில் ஒரு முந்திரித் தோப்பில்தான் வைத்திருக்கிறார்.

அந்தக் குதிரைமேல் குற்றப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. அருகில் வருபவரைக் கடிக்கிறது. இடது பின்காலைத் தொடவிடுவதில்லை. லாடக்காரர் இருமுறை உதை வாங்கித் திரும்பினார். ஒரு நிக்காஹ் ஊர்வலத்தில் சரவெடி வெடித்ததும் முன்கால் தூக்கி நின்றது. பூச்சரத்தோடு மாப்பிள்ளை சரிந்து விழுந்தார். அடி படவில்லை என்பதற்கு அல்ஹம்துலில்லாஹ். நெற்றிச் சுழி சரியில்லை என்றார் ஒருவர். மயிர் சுழித்து வளர்ந்ததற்கும் மனிதன் கொளுத்திய வெடிக்கும் என்ன தொடர்போ! தரகர் ஒருவர் வந்து அடிமாட்டு விலை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். கடன் வாங்கி வாங்கிய குதிரை. மச்சானுக்கு அதையும் தள்ளிவிட முடியவில்லை.

குறுக்கே நின்றவள் அவர் மகள். கால்நடை மருத்துவம் பயின்று வருபவள். “விற்பதானால் விற்றுவிடுங்கள் அத்தா, முதலில் வாயைத் திறந்து பார்த்துவிட்டு விற்போம்” என்றாள்.

மருத்துவர் வந்து பார்த்தார். குதிரையின் பற்கள் வாழ்நாளின் பெரும்பகுதி மேலெழுந்து வந்துகொண்டே இருக்கும். அரைத்து அரைத்துத் தேயும். தேய்வு சமமாக இல்லாதபோது மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பும், கீழ்ப் பற்களின் உள்விளிம்பும் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். இதற்கு அப்படித்தான் கிழித்திருந்தது. அந்தப் புண்வாயில் கடிவாள இரும்பை மாட்டி இழுத்தால் எந்தப் பிராணிதான் தலையை உதறாது? அரம் கொண்டு பற்களைத் தேய்த்துவிட்டார்கள். இடது பின்காலில், குளம்புக்கு மேலே, கயிறு அறுத்த பழைய தழும்பு மயிருக்குள் மறைந்திருந்தது. அங்கே இப்போது வலியில்லை. ஆனால் கை நெருங்கினால் கயிறு நெருங்குவதாகவே அதற்குத் தோன்றியிருக்கிறது. வஸ்ஸாஃப் எழுதிய கயிறும் முளையும் நம் நினைவுக்கு வந்தன.

இதன் பிறகே அப்பெண் தன் கருவியை எடுத்தாள். கந்தூரிக் கடைகளில் நம் சிறுவயதில் விற்ற தகரத் தவளை நினைவிருக்கிறதா? அழுத்தினால் ‘டிக்’ என்னுமே, அதன் வேலையைச் செய்யும் சிறு கருவி, கிளிக்கர் என்கிறார்கள். அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னரின் மாணவர்களான பிரெலண்டு தம்பதியர் 1940-களில் பிராணிகளைப் பழக்குவதில் இவ்வழியைத் தொடங்கினர். 1960-களில் ஹவாய்த் தீவில் கேரன் பிரையர் என்னும் பெண்மணி, ஊதல் ஒலி கொண்டு டால்பின்களைப் பழக்கினார். டால்பினுக்குக் கடிவாளம் பூட்ட முடியாது. சவுக்கால் அடித்தால் நீந்திப் போய்விடும். ஆகவே அதன் சம்மதத்தைக் கேட்டே ஆகவேண்டிய நிலை. பின்னர் அலெக்சாண்டிரா கர்லண்டு என்பவர் இம்முறையைக் குதிரைகளுக்கென விரித்து 1998-இல் நூலாக எழுதினார்.

முறை எளிது, செய்வதுதான் கடினம். குதிரை நாம் விரும்பும் செயலைச் செய்கிற அதே கணத்தில் ‘டிக்’. அதையடுத்து ஓரிரு நொடிக்குள் ஒரு வாய்த் தீனி. எந்தச் செயலுக்காகத் தீனி வந்தது என்பதை அந்த ஒலி பிசகாமல் சுட்டிக்காட்டிவிடுகிறது. முதல் சில நாள்கள் வேலிக்கு இப்புறம் நின்றே பழக்கினாள். கையளவு வெல்லமோ கொள்ளோ அல்ல. கேரட் வில்லையும் புல் துணுக்கும்தான். இனிப்பும் தானியமும் மிகுந்தால் குளம்பு அழற்சி கண்டு குதிரை நொண்டியாகிவிடும்.

கடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் நாளே விளங்கிற்று. கையை மூடி நீட்டினால் உடனே காதை மடக்கிப் பல்லைக் காட்டியது. ஊர்வலம் முடிந்து நிற்கும்போதெல்லாம் சிறுவர்கள் வெல்லக்கட்டியைக் காட்டி, மூக்கு நீண்டதும் கையை இழுத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். வெறும் கையை நீட்டியும் ஏய்த்திருக்கிறார்கள். வெறும் மடியைக் காட்டிக் குதிரையை அழைத்தவரிடம் ஹதீஸ் பெற மறுத்துத் திரும்பிய இமாமின் கதையை நம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அதைவிட உறுதியான செய்தி அபூதாவூதில் உண்டு. குழந்தையை, “வா, ஒன்று தருகிறேன்” என்றழைத்த தாயிடம் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன தர நினைத்தாய் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் தராதிருந்தால் அது உன்மேல் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் எச்சரித்தார்கள். கிளிக்கர் முறையின் முதல் விதியும் இதுதான். தவறான கணத்தில் ‘டிக்’ அடித்துவிட்டாலும் தீனி தந்தே தீரவேண்டும். ஒலித்தது வாக்கு.

அடுத்த விதி, தீனிப் பையைத் துழாவும் மூக்குக்கு ஒன்றும் கிடையாது. முகத்தை நேரே திருப்பிக்கொண்டால் உடனே ‘டிக்’. முதலில் குதிரை இன்னும் பலமாக முட்டியது, மண்ணைக் கீறியது. பழைய வழி பலிக்காதபோது எந்தப் பிராணியும் ஒருமுறை முழு வேகத்தோடு அதையே முயன்று பார்க்கும். இந்த இடத்தில் பொறுமையிழந்து கொடுத்துவிடுபவர்களே அதிகம். அப்படிக் கொடுத்தால் முட்டுவதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். ஆறாம் நாள் மச்சான் நெருங்கியபோது குதிரை முகத்தை மரியாதையாக எதிர்ப்புறம் திருப்பிக்கொண்டு நின்றது. அவர் முகம் போன போக்கை எழுத நமக்கு அனுமதியில்லை.

காலுக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு வேளைக்கு ஐந்தே நிமிடம், நாளுக்கு இருவேளை. மூங்கிற்கழி நுனியில் துணி சுற்றி முதலில் தொடையைத் தொட்டாள். அசையாது நின்றால் ‘டிக்’. பிறகு முழங்கால், பிறகு தழும்பு. பிறகு கழிக்குப் பதில் கை. உடற்பாரம் மறுகாலுக்கு மாறியதற்கு ஒரு ‘டிக்’. குளம்பு ஒரு விரற்கடை எழுந்ததற்கு ஒரு ‘டிக்’. குதிரை காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுவாள். ஒருபடி கீழே இறங்கி மறுபடி தொடங்குவாள். முரட்டு ஒட்டகத்தின்மேல் ஏறி அதை முன்னும் பின்னும் இழுத்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் மென்மையைக் கைக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிமில் வரும் ஹதீஸை நாம் பலமுறை படித்திருக்கிறோம். மென்மை என்பது மனநிலை என்றே எண்ணியிருந்தோம். அது விரற்கடை விரற்கடையாகக் கற்கவேண்டிய கைத்தொழில் என்பது அந்தத் தோப்பில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லாக் குறைகளையும் இந்த ஒலி தீர்த்துவிடும் என்று சொல்பவரை நம்பவேண்டாம். குதிரையின் இரைப்பை சிறியது; நாளில் பதினாறு மணிநேரம் வரை மேய்வது அதன் இயல்பு. அதைத் தனியே கட்டிப்போட்டு இருவேளை தானியம் மட்டும் வைத்தால், மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் வரக்கூடும். அதற்கு மருந்து புல்லும் நடமாட்டமும் துணையும்தான். மச்சான் இப்போது முளையைப் பிடுங்கிவிட்டுத் தோப்பின் ஒரு பகுதியை அடைத்து விட்டிருக்கிறார். வியர்வையில் உப்பிழக்கும் பிராணி என்பதால் மரக்காணத்து உப்புக் கட்டி ஒன்றும் தொட்டியருகே கிடக்கிறது.

கொட்டுச் சத்தத்துக்கும் அது பழகிவிட்டது. கைப்பேசியில் பதிந்த பேண்டு வாத்தியத்தைத் தொலைவில் மெல்ல ஒலிக்கவிட்டு, தலை தாழ்ந்தபோதெல்லாம் ‘டிக்’ அடித்து, நாளுக்கு நாள் பத்தடி நெருங்கினார்கள். சரவெடியை மட்டும் அப்பெண் முயலவே மறுத்துவிட்டாள். “அதற்குப் பயப்படுவது குற்றமில்லை அத்தா” என்றாள். மச்சான் மூன்று நாள் பேசாமலிருந்தார். வெடியில்லாத ஊர்வலத்துக்கு மட்டுமே குதிரை என்றால் வருமானம் என்னாவது?

தரகர் மறுபடி வந்தபோது குதிரை விற்பனைக்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்த மாதம் மூன்று நிக்காஹ் வீட்டார் குதிரை கேட்டு வந்தனர். வெடி கொளுத்துவதில்லை என்று எழுதித் தரவேண்டும் என்றார் மச்சான். இரு வீட்டார் சம்மதித்தனர். மூன்றாமவர் ஒரு காரை ஏற்பாடு செய்துகொண்டார்.