இரண்டாவது சாவி

திண்டுக்கல் பூட்டுக்கு எங்கள் பக்கம் தனி மரியாதை. 1999 ஆடி மாதம் மானாமதுரை கடைவீதியில் அப்பா ஒன்று வாங்கினார். கூடவே நாலு முழம் சங்கிலி. "மாட்டுக்கா, கேட்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "கேட்டுக்கு" என்றார் அப்பா. எங்கள் வீட்டுக்குக் கேட் கிடையாது.

சங்கிலி அண்ணனுக்கு. ஏர்வாடியில் நாங்கள் பேசி வைத்திருந்த விடுதிக்காரர், சங்கிலியும் பூட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். சாவிகளில் ஒன்றை அவர் வாங்கிக்கொண்டார். இன்னொன்றை அப்பாவிடம் கொடுத்து, "தொலைச்சிராதீங்க" என்றார்.

அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஒரு நூற்பாலையில் வேலைக்குப் போனவன். 1997இல் ஒரு நாள் பாதி ஷிப்டில் வீட்டுக்கு வந்து, மில் ரேடியோவில் தன் பேரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்றான். அந்த மில்லில் ரேடியோ கிடையாது. பிறகு தூக்கம் போனது, சோறு போனது. அம்மாவைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டான். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினோம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "நரம்புத் தளர்ச்சி" என்றோம். அந்தக் காலத்தில் பாதி மனநோய்க்கு அதுதான் பெயர். வைத்தியம் பார்க்கிறவரும் "நரம்பு டாக்டர்"தான்.

நாங்கள் டாக்டரிடமே போகாமல் ஏர்வாடிக்குப் போனவர்கள் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசில்லை. முதலில் மதுரைக்குத்தான் கூட்டிப்போனோம். ஐந்து நிமிடம் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அண்ணனின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. தாடை இறுகியது, கண் மேலே செருகி நின்றது. அம்மா திருநீற்றை அள்ளிப் பூசினாள். "உள்ள இருக்கிறது மாத்திரையை ஏத்துக்க மாட்டேங்குது" என்றாள் பெரியம்மா. யாருக்குமே சந்தேகம் இல்லை, பேய்தான். அந்த வகை மாத்திரையில் சிலருக்குச் சதை இப்படி இழுத்துக்கொள்ளும், ஓர் ஊசி போட்டால் அரைமணியில் சரியாகிவிடும், கூடவே சாப்பிட ஒரு சின்ன மாத்திரை உண்டு. இதெல்லாம் எங்களுக்குத் தெரிய சில வருஷம் ஆனது. எழுதிக் கொடுத்தவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சங்கிலி எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நான் அந்த ராத்திரியைத்தான் சொல்வேன்.

ஏர்வாடி தர்காவுக்கு எல்லாச் சாதி மதத்து ஜனங்களும் வருவார்கள். கேரளத்திலிருந்தும் வருவார்கள். அங்கே எரியும் விளக்கின் எண்ணெயைத் தடவி, ஓதிய தண்ணீரைக் குடித்து, அங்கே அடங்கியிருக்கும் பாதுஷாவின் உத்தரவு கனவில் வரும்வரை காத்திருக்க வேண்டும். உத்தரவு வந்தால் குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம். சிலருக்கு ஒரு மாதத்தில் வரும், சிலருக்கு வருஷக்கணக்கில் வராது. கூடவே தங்க முடியாத குடும்பங்களுக்காகச் சுற்றிலும் கூரைக் கொட்டகை விடுதிகள் இருந்தன. மாதம் 500 ரூபாய் அனுப்பினோம். அப்பா செங்கல் சூளையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பணம் ஒரு மாதமும் தவறியதில்லை. நாங்கள் போய்ப் பார்ப்பதுதான் குறைந்துகொண்டே வந்தது. அண்ணன் இல்லாத வீட்டில் எல்லோரும் தூங்கினோம். ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தது.

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் நின்று, "டி.வி.ல ஏர்வாடின்னு போடுறான்" என்றார். அதிகாலையில் ஒரு விடுதிக் கொட்டகை தீப்பிடித்து, உள்ளே சங்கிலியில் இருந்தவர்கள் எரிந்துபோனார்கள். எந்த விடுதி என்று செய்தியில் சொன்ன பெயர் எங்களுக்கு விளங்கவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் பத்துத் தடவை போட்டும் லைன் கிடைக்கவில்லை. அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். ராமநாதபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து கீழக்கரைப் பக்கம் இன்னொன்று. வழி முழுக்க அப்பா மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்தச் சாவியை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன திறக்கப்போகிறோம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கரிந்த கம்பங்கள் நின்றன. எங்களைப் போலவே பஸ் பிடித்து வந்தவர்கள் கும்பல் கும்பலாக நின்றார்கள். யாரும் யாரிடமும் தன் ஆளின் பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே வந்திருப்பதே வெட்கம் என்பதுபோல. சாவு எண்ணிக்கை கடைசியில் 28 ஆனது.

அண்ணன் இருந்தது வேறு விடுதி. உயிரோடு இருந்தான். அப்பா அவன் காலடியில் உட்கார்ந்தார், சாவியைப் போட்டார், திறக்கவில்லை. உப்புக்காற்றில் பூட்டு துருவேறியிருந்தது. அதற்கென்று ஒரு கல் வைத்திருந்தார்கள், தட்டித் திறந்தார்கள்.

மறுநாள் பேப்பரெல்லாம் மூடநம்பிக்கை என்று எழுதின. சட்டத்தைப் பற்றியும் எழுதின. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்க உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1987லேயே வந்திருக்கிறது. அது ஏர்வாடிவரை நடந்துவர 28 பேர் சாக வேண்டியிருந்தது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் அப்படிப்பட்ட விடுதிகளையெல்லாம் அரசு மூடி, 500க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் பலரை அனுப்பினார்கள். எத்தனையோ பேரைத் தேடி யாருமே வரவில்லை.

நாங்கள் அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இரண்டாம் நாள் ராத்திரி எழுந்து கிணற்றடிக்குப் போனான். மூன்றாம் நாள் அப்பாவின் கையைக் கடித்தான். நான்காம் நாள் கொல்லைப்புறத் தூணில் மாட்டுக் கயிற்றால் கட்டினோம். நாடே சங்கிலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த மாதத்தில், பதினொரு நாள், அவன் எங்கள் வீட்டில் கட்டுண்டு கிடந்தான். முடிச்சுப் போட்டது நான். நாளிதழ்க்காரர்கள் யாரும் எங்கள் கொல்லைக்கு வரவில்லை.

கட்டிய பன்னிரண்டாம் நாள் சூளை முதலாளி ஒரு வேன் அனுப்பினார். சிவகங்கையில் ஓர் இளம் டாக்டர் அண்ணனின் மணிக்கட்டில் கயிற்றுத் தடத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. கழுத்து திருகிய கதையை அப்பா சொன்னபோதுதான் பேனாவைக் கீழே வைத்தார். முக்கால் மணி நேரம் பேசினார். மாதம் ஒரு தடவை போடுகிற ஊசி, நடுக்கத்துக்குத் தனி மாத்திரை. தினமும் விழுங்க வைக்கும் சண்டை வீட்டில் ஓய்ந்தது. தீபாவளிக்கு அண்ணன் தானே சட்டை கேட்டான். முழுசாகச் சரியாகிவிட்டான் என்று எழுத ஆசைதான். குரல் இன்னும் கேட்கிறதாம். "முன்னால கத்துவாங்க, இப்ப பக்கத்து வீட்ல பேசுற மாதிரி இருக்கு" என்கிறான்.

ஜனங்களின் மனசு மாறிவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் முதலில் மாறியது பஸ் தூரம். மாவட்ட மனநலத் திட்டம் வந்து, ஊசி சிவகங்கையிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. சொற்கள் அதற்குப் பின்னால்தான் வந்தன. அண்ணனுக்கு அடையாள அட்டை வாங்கப்போனபோது, "கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஒரு குமாஸ்தா. மனநோயையும் ஊனமாகக் கணக்கிட்ட சட்டம் 1995லேயே வந்தாயிற்று. 40 சதவீதம் என்று சான்றிதழ் கைக்கு வர மூன்று முறை அலைந்தோம். "ஊனமுற்றோர்" என்றிருந்த அரசுச் சொல்லைக் கலைஞர் "மாற்றுத்திறனாளிகள்" என்று மாற்றியபோது, "என்ன திறனை மாத்துனாங்களாம்?" என்று அப்பா சிரித்தார். ஆனால் அடுத்த தடவை அலுவலகத்தில் உட்காரச் சொன்னார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. அதைப் படிக்க அப்பா இல்லை.

நானும் அப்படி ஒன்றும் திருந்திவிடவில்லை. 2013இல் அக்கா மகள் கல்யாணம். அண்ணன் அப்போது நன்றாகவே இருந்தான். அவனை மண்டபத்துக்குக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?

அவள் மகனுக்கு இப்போது எட்டு வயது. ஆட்டிசம். 2016இன் சட்டம் ஊனங்களின் பட்டியலை 7லிருந்து 21 ஆக்கியதில் அதுவும் இருக்கிறது. வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்து அவனோடு உட்காருகிறார். மற்ற பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அவனைத் தள்ளி உட்காரவைக்கச் சொன்னார்களாம். இவள் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். அதைப் பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டு வந்தாள். நான் சுற்றிலும் பார்த்தேன். "மாமா, எதுக்கு மெல்லப் பேசுறீங்க?" என்றாள்.

லீவுக்கு வந்தால் பையன் சோடா மூடிகளை வரிசையாக அடுக்குவான். யாராவது ஒன்றைத் தொட்டால் வீடே அதிரும். அண்ணனை மட்டும் பக்கத்தில் விடுவான். போன மாதம் மூடிகள் தீர்ந்துபோய், அண்ணன் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறி அணா, பித்தான், ஆணி என்று எடுத்துக் கொடுத்தான். பையன் அடுக்கிக்கொண்டே வந்தான். நடுவில் ஒரு சாவி.

அண்ணன் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "இது எதுக்குடா?"

"பழைய சைக்கிள் சாவிண்ணே."

"சைக்கிளுக்கு இம்புட்டுப் பெருசா இருக்காது" என்றான். பையன் கத்த ஆரம்பித்ததால், எடுத்த இடத்திலேயே வைத்தான்.