வெளிச்ச மேசை

மீன் துண்டைக் கண்ணாடி மேசையில் விரித்தால் கீழிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் சதை முழுக்கத் தெரியும். இரத்தக்கட்டு, ஒளிந்திருக்கும் முள், சுருண்டு கிடக்கும் சின்னப் புழு. கத்தி நுனியால் புழுவைக் கிளப்பி, முள்ளை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த துண்டை இழுக்க வேண்டும். 1987 இல் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. விடுதிப் பாடசாலைக்குப் படிக்க வந்து, பிறகு மீன் கொம்பனிகளில் கத்தி பிடித்த யாழ்ப்பாணத்துப் பெடியன்களில் நானும் ஒருவன். நவம்பர் கடைசியில் போகும் சூரியன் சனவரி பாதி கழிந்துதான் அங்கே தலைகாட்டும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் அறைக்குத் திரும்புவோம்.

அந்த மாரியில் ஒருநாள் ஒஸ்லோவிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். சாப்பாட்டறையில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். வேலையின் வேகத்தை நீங்களே தீர்மானிக்கிறீர்களா? ஒரே அசைவைத்தான் நாள் முழுக்கச் செய்கிறீர்களா? கை, தோள் நோகிறதா? பெயர் எழுதத் தேவையில்லை என்று இரண்டு தரம் சொன்னார். எங்களில் மூத்த அண்ணை மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, எல்லாத்துக்கும் நல்லம் எண்டு போட்டுக் குடு. விசா புதுப்பிக்கிற நேரம்."

முதல்நாள் இரவு தோய்த்த சேட்டைப் பிழிய முடியாமல் என் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நோவு இல்லை என்ற கட்டத்தில் அதே கையால் புள்ளடி போட்டேன். மேசையிலிருந்த தமிழர் எல்லோரும் அப்படித்தான் போட்டோம்.

மொழி பிடிபட்ட பிறகு, ஒஸ்லோ நூலகமொன்றில் இந்த ஆய்வுகளைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் வேலை செய்கிறவனுக்கு ஒரு வாய் இருக்கவேண்டும் என்று இந்த நாடு ஆய்வு செய்தே கண்டுகொண்டது. அதன் தொடக்கம் வெளியே இருந்தது. 1951 இல் எரிக் ட்ரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கூட்டாக வேலை செய்துவந்த சிறு குழுக்களைப் புதிய இயந்திர முறை உடைத்தபோது மனிதர்களும் உடைந்துபோனதைக் காட்டிய கட்டுரை அது. பாம்ஃபோர்த் தானே சுரங்கத்தில் வேலை செய்தவர். அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. கத்தி பிடித்த கையும் ஒருநாள் பேனை பிடித்து எழுதலாம் அல்லவா?

1960களில் நோர்வே ஆய்வாளர் ஐனார் தோர்ஸ்ரூட் அந்தச் சிந்தனையை நோர்வேக்குக் கொண்டுவந்தார். தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிமார் சங்கமும் ஒன்றுசேர்ந்து அதற்கு இடம் கொடுத்தன. ஹூன்ஸ்ஃபோஸ் காகித ஆலையிலும், ஹெர்யோயாவில் நோர்ஸ்க் ஹீட்ரோவின் உரத் தொழிற்சாலையிலும் ஆய்வாளர்கள் தொழிலாளரோடு சேர்ந்து வேலையையே மாற்றிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு மூலையில் கட்டிப்போடாமல், குழுவாக ஒருவர் வேலையை மற்றவர் பழகினார்கள். ஹெர்யோயாவில் கூடுதலான வேலைகளைப் பழகியவருக்குச் சம்பளமும் கூடியது. மனிதருக்கு வேலையில் என்னென்ன தேவை என்று தோர்ஸ்ரூட்டும் அவரோடு வேலை செய்த ஃப்ரெட் எமெரியும் எழுதி வைத்தார்கள். பழகப் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும், தானே முடிவெடுக்க ஓரளவாவது இடம் வேண்டும், பக்கத்தில் நிற்பவரின் துணையும் மதிப்பும் வேண்டும், செய்யும் வேலைக்கும் வெளியே வாழும் வாழ்க்கைக்கும் ஒரு தொடர்பு வேண்டும். 1977 ஆம் ஆண்டின் வேலைச்சூழல் சட்டத்தின் 12 ஆம் பிரிவில் இந்தச் சிந்தனை ஏறியது. நான் அந்தக் கண்ணாடி மேசைக்கு வரும்போது அந்தச் சட்டத்துக்குப் பத்து வயது.

சட்டத்தை என் கண்ணால் கண்டது ஒரேயொரு நாள்தான். குளிரூட்டும் அறைப் பக்கமிருந்து அம்மோனியா நெடி வந்தது. கண் எரிந்தது. பட்டியில் மீன் வந்துகொண்டேயிருந்ததால் நாங்கள் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தோம். பொதி கட்டும் பகுதியிலிருந்து அறுபதை நெருங்கிய ஒரு நோர்வேஜியப் பெண்மணி வந்தார். சிவப்புப் பொத்தானை அமத்தினார். பட்டி நின்றது. "எல்லோரும் வெளியே!" என்றார். ஃபோர்மன் ஓடி வந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா 'வேர்னஓம்பூட்', தொழிலாளர் தாங்களே தெரிவுசெய்த பாதுகாப்புப் பிரதிநிதி. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்த அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பனியில் நின்று இருமிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவரைத் தெரிவுசெய்த வாக்கெடுப்பில் நாங்களும் கை உயர்த்தியிருக்கலாம் என்பதுகூடத் தெரியாது.

எங்கள் 'நல்லம்' எல்லாம் அந்த ஆய்வின் கணக்கில் எங்கோ சேர்ந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் நோகிறது. ஆய்வாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நேர்மையாகத்தான் கேட்டார். ஆனால் தோர்ஸ்ரூட்டின் ஆட்கள் மாதக்கணக்கில் ஆலைக்குள் இருந்து கேட்டார்கள். எங்களிடம் அரைமணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் கேட்கப்பட்டது, விசா சட்டைப்பைக்குள் கனத்துக்கொண்டிருந்த நேரத்தில். பயந்தவனிடமிருந்து உண்மையை எடுக்க அரைமணி நேரம் போதாது.

இப்போது ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. நான்கு வருடமாக நான்தான் அங்கே வேர்னஓம்பூட். போன மாதம் வேலைச்சூழல் பற்றிய கருத்துக்கணிப்பு வந்தது. எரித்திரியாவிலிருந்து வந்து ஐந்து மாதமேயான பிள்ளை ஒருத்தி, தொலைபேசித் திரையைப் பார்த்தபடி பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"எல்லாத்துக்கும் நல்லம் என்று போடட்டா?" என்று என்னைக் கேட்டாள்.

குழாயைப் பூட்டினேன். கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டேன்.