செஞ்சியும் செம்பொன்னும்

செஞ்சி நகரை அடுத்து இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகள் மூன்று நிற்கின்றன. அவற்றுள் ஓங்கிய இராசகிரிக்கு முற்காலத்தில் கமலகிரி என்பது பெயர். கி.பி. 1200 அளவில் ஆனந்தக் கோன் என்னும் ஆயர் தலைவன் மந்தை மேய்க்குங்கால் அக்குன்றின் பிளவொன்றிற் புதையல் கண்டான் என்றும், அப்பொருளைக் கொண்டே சிறு கோட்டை எழுப்பினான் என்றும் வழிவழியாகக் கூறுவர். கதை மெய்யாயினும் ஆகுக, புனைவாயினும் ஆகுக. அதில் ஒரு பொருத்தம் உண்டு. நெடுங்காலம் மண்ணுட் கிடந்தால் இரும்பு துருவாய் உதிரும், செம்பு களிம்பேறும், வெள்ளியும் கறுக்கும். பொன் ஒன்றே புதைத்தவாறு கிடந்து, எடுத்தவன் கையில் ஒளி வீசும்.

காற்றும் நீரும் பொன்னைக் கெடுப்பதில்லை. ஐதரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் தனித்தனியே அதனை ஒன்றும் செய்யமாட்டா. இரண்டும் கூடிய இராசத்திராவகத்திலேயே அது கரையும். நீரினும் 19 மடங்கு கனமுடையது; ஒரு லிட்டர் கொள்ளும் செம்பு நிறையப் பொன் இருப்பின் 19 கிலோவுக்குமேல் நிற்கும். இத்துணைக் கனமுடையது மென்மையும் உடையதாயிருத்தல் வியப்பன்றோ! ஒரு கிராம் பொன்னை இரண்டு கிலோமீட்டருக்கும் மேலாகக் கம்பியாய் நீட்டலாம். அம்மென்மை கருதியே பொற்கொல்லர் செம்பு கலந்து அணி செய்வர். கலப்பின் அளவை உரைகல் காட்டிவிடும்.

பொன் என்னும் சொல் உலோகம் அனைத்திற்கும் பொதுவாய் வழங்கியதை ஐம்பொன் என்னும் வழக்கில் இன்றும் காணலாம். சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகையாகப் பகுத்தனர் முன்னோர். மதுரைக் கடைத்தெருவில் இவற்றைத் தரம் அறிந்து விற்ற வணிகரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

பொன்னின் விலை அதன் அருமையால் வருவது. கோலார்ச் சுரங்கத்தின் இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்துச் சில கிராமே பெற்றனர். வடார்க்காடு முதலிய பகுதிகளினின்று சென்ற தமிழர் பல்லாயிரவர், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான அச்சுரங்கத்தின் வெம்மையில் உழைத்தனர். கல்தூசியால் நுரையீரல் கெட்டோர் பலர். 2001 பிப்ரவரியில் அச்சுரங்கம் மூடப்பட்டது. விலை கேட்போர் அவ்வுழைப்பை எண்ணுவதில்லை. 1971 வரை ஓர் அவுன்சுப் பொன்னை 35 டாலருக்கு அயல் அரசுகளுக்கு அளித்து வந்தது அமெரிக்க அரசு. 2025 அக்டோபரில் அதே அவுன்சு 4,000 டாலரைக் கடந்தது.

செஞ்சியை ஆண்டோர்க்கும் பொன் வேண்டியிருந்தது. 1677இல் சிவாசி அதனைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் இராசாராமைப் பிடிக்க முகலாயர் 1690இல் முற்றுகையிட்டனர். வந்தோர் பேரரசின் படையினர், செல்வத்திற்குக் குறைவிலர். எனினும் 1692இன் இறுதியில் மராத்தியக் குதிரைப்படை வழிகளை மறிக்கவே, கூலம் வருவது நின்றது. பாசறையில் பஞ்சம் புகுந்தது. தளபதி சுல்பிகர்கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். பின்னர் மீண்டு வந்து, 1698இல் கோட்டையைக் கொண்டான். இராசாராம் அதற்குள் தப்பிவிட்டார்.

அன்று நெல் நிறைத்து வைத்த பெருங்களஞ்சியம், பருத்த சுவரும் உயர்ந்த வளைவுக் கூரையுமாக, இராசகிரியின் அடிவாரத்தில் இன்றும் நிற்கின்றது.