ஸ்டாஃப் ரூம் கொம்பியூட்டரும் நாங்கள் ஏசிய பிள்ளையும்

போன வாரம் நடந்த ஒரு விசயம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறோம்.

தவணைப் பரீட்சைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வினாத்தாள்கள் எல்லாம் ஸ்டாஃப் ரூமில் இருக்கும் அந்த ஒரே பழைய கொம்பியூட்டருக்குள். விண்டோஸ் இழுக்காத மெஷின் என்று லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருக்கிறோம். காலையில் ஓன் பண்ணினால் பாஸ்வேர்ட் கேட்கிறது. அடித்தால் திரை ஒரு நொடி கறுத்து, திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கிறது. பத்துத் தடவை அடித்தோம், அதே கதை.

முதல் நாள் கடைசியாக அதில் இருந்தவன் தரம் 9 பிள்ளை ஒருவன். பிரின்ட் எடுக்க நாங்களே அனுப்பியவன். "எதை அமத்தின நீ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டோம். "ஒன்டும் செய்யல்ல சேர்" என்றான். நாங்கள் நம்பவில்லை.

டவுன் கடைக்குக் கோல் எடுத்தால், "கொண்டு வாங்க சேர், ஃபோமட் அடிச்சித் தாறன்" என்றார்கள். ஃபோமட் அடித்தால் வினாத்தாளும் போய்விடும்.

இன்டர்வலில் கணித சேருடன் உட்கார்ந்து யோசித்தோம். பாஸ்வேர்ட் பிழை என்றால் பிழை என்று காட்டும். காட்டவில்லை. அப்படியென்றால் மெஷின் நல்லாத்தான் எழும்புகிறது, டெஸ்க்டொப் மட்டும்தான் வரமாட்டேன் என்கிறது. கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அமத்தினோம். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. அதில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் உள்ளே விட்டது! வினாத்தாள்கள் அப்படியே இருந்தன, அல்ஹம்துலில்லாஹ். முதல் வேலையாக அவற்றை பென் டிரைவுக்கு கொப்பி பண்ணினோம். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு 'டிஎஃப்' என்ற கட்டளையை அடித்துப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க் 100% நிரம்பிக் கிடக்கிறது. டெஸ்க்டொப் திறக்கும்போது லினக்ஸ் எங்கள் ஃபோல்டருக்குள் சின்னச் சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். எழுத இடமில்லை என்றால் திறக்காமல் திரும்பிவிடும். எழுத்துத் திரைக்கு அந்தத் தேவை இல்லை.

எது நிரப்பியது? 'டியு' கட்டளையால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினோம். குப்பைத்தொட்டிக்குள் 23 ஜிபி. விளையாட்டுப் போட்டி வீடியோக்கள். அவற்றை டிலீட் பண்ணியது வேறு யாருமில்லை, நாங்கள்தான். டிலீட் பண்ணினால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும், அதைக் காலி செய்யும் வரை இடம் திரும்பி வராது. வகுப்பில் இதைப் படிப்பிக்கிறவர்களும் நாங்கள்தான்!

அழிக்கும் கட்டளையை அடிக்க முன் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். இந்தத் திரையில் அழித்தது திரும்பி வராது. பிறகு ரீஸ்டார்ட். பாஸ்வேர்ட் அடித்ததும் டெஸ்க்டொப் வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் ஃபோமட்டுக்குச் சம்மதிக்க முன் அந்த மூன்று கீயையும் ஒருக்கா அமத்திப் பாருங்கள்.

கடைசிப் பாடத்துக்கு முன் அந்தப் பிள்ளையின் வகுப்புக்குப் போனோம். எல்லோர் முன்னாலும் ஏசியதால் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பிழை எங்கட மகன், உங்கட இல்ல" என்றோம். தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். நாங்கள் வெளியே வந்த பிறகு பின்னால் ஓடி வந்து கேட்டான்:

"சேர், அந்தக் கறுப்புத் திரைய எனக்கும் காட்டித் தாறீங்களா?"